உடம்பு சுரக்குடியில், கை கருக்களாச்சேரியில்

போன ஐப்பசியில் ஒரு நாள், ஜாக்கெட் ஒன்றுக்கு ஓவர்லாக் அடிப்பதற்காகக் காரைக்கால் கடைக்குப் போயிருந்தேன். கலியாணமான புதிதில் தொடங்கி, கண்ணில் புரை எடுக்கிறவரை நான் உட்கார்ந்து தைத்த கடை அது. இப்போது அதை நடத்துவது எங்கள் முதலாளியம்மாவின் மருமகள் அனிதா. அன்றைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அனிதா போனை எடுத்து ஏதோ தட்டினாள். தைக்கிற பெண்கள் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. 'நாளை கடை லீவு.' அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, மேசை மேல வெட்டுன துணி கெடக்கே. அப்படியே போட்டுட்டா போறீங்க?" என்றேன்.

"கெடக்கட்டும்க்கா. அதுக்குக் காலா இருக்கு, எழுந்து ஓட?" என்றாள் ஒருத்தி.

"கால் இல்லதான். ஆனா கை இருக்கு. ஒரு தடவ கை மட்டும் தனியா வேற ஊருக்குப் போயி, நாங்க பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய பஸ் போய்விட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அனிதா, "அத்தை இத ஒரு நாளும் எங்கிட்ட சொன்னதில்லியே! நீங்க அப்படியே எழுதிக் குடுங்கக்கா, நம்ம தையல் சங்கத்து மலர்ல போடுவோம்" என்றாள். நான் எட்டாவது வரை படித்தவள். பேசுகிற மாதிரிதான் எழுத வரும். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வசந்தா. ஊர் சுரக்குடி. வீட்டுக்காரருக்கு நெல் விவசாயம். நான் தையல் கற்றது திருநள்ளாற்றில் ஒரு அம்மாவிடம். காஜா எடுத்தும் கொக்கி வைத்துமே அந்த வருடம் போய்விட்டது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. உண்மையில் நான் தொழில் கற்றது எங்கள் முதலாளியம்மா மதாமிடம்தான். அவருடைய வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் ஊரே அவரை முசே என்றும் அம்மாவை மதாம் என்றும் கூப்பிடும். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். கீழே கடை, மாடியில் வீடு.

மதாம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் தப்பாகத் தைத்துவிட்டால் திட்டமாட்டார். துணியை வாங்கித் தையலைப் பிரித்துக்கொண்டே, "ஒங்க ஊர்ல நாத்து நட்டாச்சாம்மா?" என்று கேட்பார். நம் ஊர் நாற்றைப் பற்றி அவர் விசாரிக்க ஆரம்பித்தால் நம் தையல் தப்பு என்று அர்த்தம். ஒருமுறை ஒரே நாளில் மூன்று தரம் நாற்று விசாரித்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஏங்க, நாத்து எப்பங்க நடுவீங்க?" என்று வீட்டுக்காரரிடம் அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் தொழிலுக்கு ஆண்டவன் வைத்த ஒரு சோதனை உண்டு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊரே புதுத்துணி கேட்கும். கடலும் அந்த மாதங்களில்தான் கொந்தளிக்கும். எங்கள் கடையோ தெருவைவிடத் தாழ்ந்தது. பெருமழை என்றால் சாக்கடைத் தண்ணீர் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகையால் புயலுக்குக் கடை அடைப்பது என்பது எங்களுக்கு ஒரு தனி வேலை. அதற்கு மதாம் ஒரு முறை வைத்திருந்தார்.

முதலில் கத்தரியை மூடுவார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று முசே ரேடியோவில் கேட்டுவிட்டு மாடியிலிருந்து சத்தம் கொடுத்தால் போதும், மதாம் கையில் இருக்கிற துணியை அந்த வெட்டோடு முடித்துக் கத்தரியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். "வெட்டாத துணி அவங்களோடது. அது நனஞ்சா தொவச்சி காயவச்சிக் குடுத்துடலாம். வெட்டிட்டா நம்ம தலையில" என்பார். வாடிக்கைக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அதற்குப் பிறகு ஒரு வெட்டு விழாது.

அடுத்தது அளவு ஜாக்கெட்டுகள். பெண்கள் புதுத்துணியோடு அளவுக்கென்று தங்கள் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுப்பார்கள் அல்லவா? புதுத்துணி போனால்கூட மன்னித்துவிடுவார்கள். சொன்னபடி உட்கார்கிற அந்தப் பழைய ஜாக்கெட் தொலைந்தால் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டார்கள். அவை மாடிக்குப் போய் மதாமின் சொந்த பீரோவில் ஏறிவிடும். அவருடைய பட்டுப்புடவைகள் வெளியே வந்து நாற்காலியில் கிடக்கும்.

பிறகு மெஷின். பெல்ட்டைக் கழற்றி, தலையைத் தூக்கி, எண்ணெய்த் துணியால் சுற்றி வெட்டுகிற மேசைமேல் வரிசையாகப் படுக்க வைப்போம். மேசைக்கு அடியில் செங்கல் கொடுப்போம். மோட்டார்கள் மாடிக்கு. பாபின்களையும் கொக்கி டப்பாக்களையும் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போவோம்.

அதற்கும் மேலே, ஏற்கெனவே வெட்டிய துணியெல்லாம் எங்களோடு வீட்டுக்கு வரும். எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கால்மெஷின் உண்டு. "கடைக்குத்தான் லீவு, துணிக்கு லீவு கெடயாது" என்பது மதாமின் வாக்கு. கரண்ட் இல்லாவிட்டாலும் கால்மெஷின் ஓடும். மழை விட்டதும் தைத்த துணியோடு வந்து நிற்போம்.

கடைசியாக எல்லாரும் நின்று கும்பிடுவோம். மதாம் பரலோக மந்திரம் சொல்வார். நான் மேற்கே திரும்பி நிற்பேன், திருநள்ளாறு அந்தப் பக்கம். சனீஸ்வரனைக் கண்டால் ஊரே பயப்படும். எனக்கு அவர் மேல் பயம் இல்லை, பாசம்தான். மெதுவாக நடந்தாலும் கணக்கு பிசகாதவர். என் பக்கத்து மெஷின் செல்வி கருக்களாச்சேரிக்காரி, மீனவர் வீட்டுப் பெண். அவள் கடற்கரை மாரியம்மனை நினைத்துக் கிழக்கே திரும்பி நிற்பாள். முசே எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாப் பக்கமும் காவல் போட்டாச்சு. பூட்டலாம்" என்பார்.

எல்லாத் தடவையும் புயல் வந்ததில்லை. ஒரு தீபாவளிக்கு முன்னால் இப்படி எல்லாவற்றையும் தூக்கிவைத்துக் கடையை அடைத்தோம். மறுநாள் சுள்ளென்று வெயில். எதிர்வீட்டு அம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டே, "என்னா மதாம், இது வெயில் புயலா?" என்று கேட்டார். மதாம் சிரித்துக்கொண்டு, "வரலன்னா நன்றிதான் சொல்லணும், அதுக்குப் போயி கோச்சிக்க முடியுமா?" என்றார். மெஷின் தலைகளை மறுபடி மாட்ட எங்களுக்குத்தான் முதுகு போனது.

இந்த முறையில் ஒரே ஒரு வருடம் ஓட்டை விழுந்தது. அப்போது எங்களோடு இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக் கூரை காற்றில் பிய்ந்து, அவள் கொண்டுபோன மூட்டை நனைந்துவிட்டது. அதில் இருந்தவை மூன்று அக்கா தங்கைகளின் தீபாவளித் துணிகள். பச்சைப் பட்டின் சாயம் மற்ற இரண்டிலும் இறங்கி, மூன்று பேரும் கிளி மாதிரி தீபாவளி கொண்டாடினார்கள். அவர்கள் நல்ல மனுஷிகள், சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். முசேவுக்குத்தான் மனசு ஆறவில்லை. பட்டாளத்துக்காரர் அல்லவா? கடையின் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடியே சொன்னார்:

"ஒரே எடத்துல மொத்தப் படையும் நிக்கக் கூடாது. ஒரு குண்டு விழுந்தா எல்லாம் போச்சு. இனிமே ஒருத்தரோட துணிய ஒரே வீட்டுக்கு அனுப்பாதே. பிரிச்சு அனுப்பு. ஒண்ணு போனாலும் ஒண்ணு பொழைக்கும்."

கேட்கும்போது எங்களுக்கெல்லாம் மிகவும் சரியாகத்தான் பட்டது. மதாமும் தலையாட்டினார். அடுத்த புயலில் அந்த அழகு தெரிந்தது.

அது கார்த்திகை மாதம். மதாமின் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த ஜெனிஃபர் என்ற பெண்ணுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், குறைந்த லீவில் வந்திருந்தார். சனிக்கிழமை காலை கோவிலில் திருமணம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் பிறக்கிறது. வேதக்காரர்கள் அந்த நாட்களில் கலியாணம் வைக்கமாட்டார்கள். பிறகு கிறிஸ்துமஸ் முடிந்துதான். அதற்குள் மாப்பிள்ளை ஊருக்குப் போய்விடுவார். ஆகவே புயலே வந்தாலும் சனிக்கிழமைதான்.

ஜெனிஃபருக்கு வெள்ளை கவுன். பிரான்சிலிருந்து அவள் அத்தை லேஸ் துணி அனுப்பியிருந்தார். அளந்து அனுப்பியது, மேலே ஒரு சாண்கூட மிச்சமில்லை. இன்னொன்று வாங்கலாம் என்றால் அந்த மாதிரி காரைக்காலில் கிடையாது. மதாம் அதை வெட்டுவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். கவுனின் உடம்பு என் பங்கு. முழுக்கை இரண்டும் செல்வி பங்கு. சின்ன வயதில் வலை பின்னிய விரல்கள், முத்து கோப்பதில் அவளை அடிக்க ஆளில்லை.

வியாழக்கிழமை கூண்டு ஏறிவிட்டது. கத்தரி மூடியது, மெஷின் தலைகள் படுத்தன, எல்லாம் முறைப்படி. முசேயின் சட்டப்படி கவுனின் உடம்பு என்னோடு சுரக்குடிக்கு வந்தது. கைகள் செல்வியோடு கருக்களாச்சேரிக்குப் போயின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்கு வந்து ஒன்று சேர்ப்பது என்று ஏற்பாடு.

காற்று வியாழன் ராத்திரி வந்து, விடிவதற்குள் போய்விட்டது. எங்கள் வீட்டில் இரண்டு ஓடு போனதோடு சரி. கவுன் பொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது. ஆனால் வெளியே பார்த்தால் வயலும் ரோடும் ஒன்றாகக் கிடந்தன. மரங்கள் குறுக்கே விழுந்துகிடந்தன. பஸ் இல்லை, கரண்ட் இல்லை, போனில் உயிரில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தேன். உடம்பு தைத்து முடித்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் கைக்குழி என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கை இல்லாத சட்டை மாதிரி அப்படியே போட்டுக்கிட்டா என்னா? இப்ப டவுன்ல எல்லாம் போடுறாளுவ" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. கோவில்ல தோள் மூடணும்."

"அப்ப ஒரு துண்டப் போத்திக்கச் சொல்லு."

"ஒங்க தங்கச்சி கலியாணத்துக்குத் துண்டு போத்திக்கிட்டா நின்னா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்கப் போனார். சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டு டிராக்டரைக் கேட்டு ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "ஏறு. துணியப் பாத்துக்க, ரோட்ட நான் பாத்துக்குறேன்" என்றார். மனுஷர் அப்படித்தான், பேச்சு கோணல், செய்கை நேர்.

புதுப் படுக்கைவிரிப்பில் கவுனைச் சுற்றி, அதற்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சக்கரம் பாதி தண்ணீருக்குள் போயிற்று. வழியில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், "என்னாக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்று வழிவிட்டார்கள். "கலியாணத்துக்கு!" என்றேன். இன்னும் வேகமாக வழிவிட்டார்கள். திருநள்ளாறு கோபுரம் கண்ணில் பட்டது. சனிக்கிழமை அதுவுமாய் எள்விளக்கு போடாமல் அதைத் தாண்டிப் போனது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். "சாமி, வர்ற வாரம் ரெண்டா போட்டுடறேன். அந்தக் கையை மட்டும் கொண்டாந்து சேத்துடு" என்று உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

கடைக்குள் முழங்கால் தண்ணீர். மதாமும் முசேயும் கோவிலுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். அங்கே போனால், ஜெனிஃபர் தலையில் பூவும் முக்காடும் வைத்து, உடம்பில் நைட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உறையைப் பிரித்து அவளுக்குக் கவுனை மாட்டினோம். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. தோள்தான் மொட்டையாக நின்றது.

"செல்வி?" என்றேன்.

மதாம் இல்லையென்று தலையை ஆட்டினார். செல்வியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடலோர சனங்களையெல்லாம் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. ஜெனிஃபரின் அம்மா முசேயைப் பார்த்து, "ஒடம்ப ஒரு ஊருக்கு, கைய ஒரு ஊருக்கு அனுப்பிருக்கீங்களே, இது தையல் கடையா, தபால் ஆபீசா?" என்றார்.

முசே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் அவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "ஏங்க, பிரான்சுல இப்ப கோதும வெதச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். அவருக்கும் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். காது இரண்டும் சிவந்துவிட்டன.

கோவிலுக்குள் பாட்டுக்காரர்கள் பாடின பாட்டையே மறுபடி பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெனிஃபர் அழவில்லை. "போதும்மா, நான் ஒன்னோட சீலய போத்திக்கிட்டுப் போறேன். அவரு காத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றாள். அவள் அப்படி அடக்கிச் சொன்னதுதான் எங்கள் எல்லாரையும் அறுத்தது. மதாம் ஜெபமாலையை எடுத்தார். நானும் கண்ணை மூடினேன்.

அந்த நேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். செல்வி! புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், முழங்கால்வரை சேறு, மடியில் மீன் வைக்கிற பெரிய வெள்ளை தெர்மாகோல் பெட்டி.

"வழியெல்லாம் சவுக்கு மரம் மதாம், வண்டியத் தூக்கித் தூக்கி எறக்கிக்கிட்டு வந்தோம்" என்று மூச்சு வாங்கினாள். "இந்தப் பொட்டிய விட்டு நான் நகரல. முகாம்ல தலைக்கு வச்சிதான் படுத்தேன். எல்லாவளும் வந்து 'என்னாடி, வஞ்சிரமா? கொழம்பு வையேன்'ங்குறாளுவ! தொறந்து காட்டுனப்பறந்தான் விட்டாளுவ."

பெட்டியைத் திறந்தாள். பாலித்தீனுக்குள் லேஸ் கைகள் இரண்டும் பூ மாதிரி இருந்தன. ஜெனிஃபரின் அம்மா மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"புதுப் பொட்டிங்க! இன்னும் ஒரு மீனு ஏறல அதுல!" என்று சத்தியம் செய்தாள் செல்வி.

"ஏறலதான், ஆனா எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு" என்றார் அந்த அம்மா.

முசேவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சட்டைப் பையிலிருந்து ஓடிகொலோன் சென்ட் சீசாவை எடுத்து லேஸ் கைகள் இரண்டிலும் தெளித்தார். மெஷின் கிடையாது, கரண்ட் கிடையாது. ஜெனிஃபரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, அவள் உடம்பிலேயே வைத்துத் தைக்க ஆரம்பித்தோம். இடது பக்கம் நான், வலது பக்கம் செல்வி. மதாம் நடுவில் ஊசிக்கு நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தார். அவ்வளவு பெரிய மாஸ்டர், அன்றைக்கு எங்களுக்குக் கையாள்.

பாதிரிச் சாமியார் கதவைத் தட்டினார். "ஆச்சாம்மா?"

"ஒரு கை ஆச்சு சாமி" என்றாள் செல்வி.

"ஒரு கைக்கு மட்டும் நான் கலியாணம் பண்ணி வைக்க முடியாதும்மா" என்றார் அவர் வெளியிலிருந்தே.

ஜெனிஃபர் சிரித்துவிட்டாள். "சிரிக்காதடி, ஊசி ஏறிடும்!" என்று நான் அதட்டினேன். கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து நிமிர்ந்தேன். அவள் அப்பா கையை நீட்டினார், அவள் கோர்த்துக்கொண்டு போனாள்.

நாங்கள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தோம், சேற்றுக்காலோடு. மாப்பிள்ளை தாலி கட்டும்போது கோவில் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. நானும் செல்வியும் மதாமும் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முக்காட்டைச் சரி செய்ய அவள் கையைத் தூக்கியபோது செல்வி என் தொடையைக் கிள்ளிவிட்டாள். தையல் நின்றது. மதாம் மெல்ல முசே பக்கம் சாய்ந்து, "இனிமே ஒரு உடுப்புன்னா ஒரு வீடு. ரெண்டு உறை போட்டு, ஒரே வீடு" என்றார். முசே தலையாட்டினார். கடையை விட்டு நான் வருகிறவரை அதுதான் சட்டம். அனிதாவிடமும் அந்தப் பெண்களிடமும் நான் சொல்லிவிட்டு வந்ததும் அதையேதான்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது நல்ல வெயில். ஜெனிஃபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"எந்தக் கை யாரு தெச்சதுக்கா?"

"சோத்துக் கை என்னுது. இன்னிக்கு பிரியாணிய எனக்கு நன்றி சொல்லிட்டுச் சாப்புடு" என்றாள் செல்வி.

"பூச்செண்டு புடிச்ச கை என்னுதும்மா" என்றேன். நான் மட்டும் விட்டுக்கொடுப்பேனா?

அவள் பூச்செண்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து எங்கள் இருவரையும் சேர்த்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். காதுக்குப் பக்கத்தில் 'டப்' என்று ஒரு தையல் தெறித்த சத்தம் கேட்டது. தெறித்தது என் பக்கம் என்று நானும், தன் பக்கம் என்று செல்வியும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.